கேட்பவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

சென்ற ஆண்டு முதுகலை மாணவி ஒருத்தி 42 கேள்விகள் கொண்ட வினாநிரலை எடுத்துக்கொண்டு சேதுபாவாசத்திரம் சாலைப் பக்கம் கீற்று முடையும் பெண்களிடம் போனாள். பதினேழாவது கேள்வி இது: ‘குடும்பத்தில் முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா? ஆம் / இல்லை / ஓரளவு.’ ஊறவைத்த மட்டையைக் கிழித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையை நிறுத்தாமலே சொல்லியிருக்கிறார்: “எத முடிவு பண்றதக் கேக்குற? சோறா கூழாங்குறதயா? பொண்ண எங்க குடுக்குறதுங்குறதயா? கடன் வாங்குறது நான், கையெழுத்துப் போடுறது நான், வாராவாரம் கட்டுறதும் நான். எதுக்கு வாங்குறதுன்னு சொல்றது மட்டும் அவரு. இதுல நீ எந்தக் கட்டத்துல டிக் போடுவ?”

மாணவி ‘ஓரளவு’ என்பதில் டிக் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அந்த அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் அவள் எனக்கு ஒப்பித்தாள். “இத எங்க எழுதியிருக்க?” என்று கேட்டேன். “எழுத எடமில்லையே மிஸ்” என்றாள். தாளைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். 42 கேள்விகளுக்கும் கட்டங்கள் இருந்தன. ஒரு வாக்கியம் எழுத இடமில்லை. அந்த வினாநிரலைத் திருத்திக் கையெழுத்திட்டவள் நான்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்த் துறைக்காரிக்குச் சமூக அறிவியல் ஆய்வைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற சிறுநகரக் கல்லூரிகளில் ‘ஆராய்ச்சி நெறிமுறைகள்’ தாளை யாரும் விரும்பி எடுப்பதில்லை. நாட்டார் பாடல்களில் முனைவர் பட்டம் வாங்கியவள், களத்துக்குப் போனவள் என்று சொல்லி என் தலையில் வைத்தார்கள். பல ஆண்டுகளாக நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் ஒரு கோபம் தொண்டையில் நிற்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பாடநூல்கள் ஆய்வை இரண்டாகப் பிரிக்கின்றன. எண்ணிச் சொல்வது அளவுசார் ஆய்வு. எண்ணில் அடங்காததைக் கேட்டும் பார்த்தும் விளக்கியும் சொல்வது பண்புசார் ஆய்வு. முதலாவது கடினம், அறிவியல். இரண்டாவது எளிது, பெண்பிள்ளைகளுக்கு ஏற்றது என்றொரு எண்ணம் துறை அறைகளில் உலவுகிறது. ‘போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வா’ என்று அனுப்பிவைக்கிறார்கள். போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், கேட்டதை எந்த மொழியில் எழுத வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. திரும்பி வந்ததும் அதே ஆட்கள் கேட்கிறார்கள்: “எத்தனை பேரைப் பார்த்தாய்? பன்னிரண்டா? அது எப்படிப் போதும்? நூறாவது வேண்டாமா?” நூறு பேரைத் தேடி ஓடும் பெண், ஒருவரிடமும் கால்மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. ‘ஓரளவு’கள் குவிகின்றன. பிறகு அவற்றை விழுக்காடாக்கி வட்டப்படம் வரைந்து தங்க எழுத்தில் அட்டை போடுகிறோம்.

இது பேராவூரணியின் தனி நோய் அல்ல. காவிரிப் படுகையைப் போல ஆய்வாளர்கள் மிதித்த மண் தமிழ்நாட்டில் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களிடம் வினாநிரலைக் கொடுத்து அவரவர்க்குத் தெரிந்த கிராமங்களை ஆராய்ந்து வரச் சொன்னார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அதில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் ஒன்று. அந்தக் கிராமங்களைப் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார்கள். நூறாண்டுத் தொடர்ச்சி என்பது பெரிய சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வகுப்பில் கேட்பது வேறு. 1916இல் பல்கலைக்கழகம் வரை படிக்க முடிந்த ஓர் இளைஞன் விடுமுறைக்கு ஊருக்குப் போய்க் கேள்வி கேட்டபோது எந்தத் தெருவில் நின்று கேட்டிருப்பான்? அவனுக்கு முன்னால் வந்து நின்று பதில் சொல்ல யாருக்கு வாய்த்திருக்கும்? நடவு நட்டுவிட்டுக் கரையேறிய பெண்ணுக்கா?

அடுத்து ஆந்த்ரே பெத்தேய். தஞ்சாவூர் பக்கத்து ஊர் ஒன்றுக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் வைத்து அவர் எழுதிய சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய நூல் 1965இல் வந்தது. இந்தியச் சமூகவியல் படிக்கும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அவர் அக்ரஹாரத்தில் தங்கினார். அந்த வீடுகளில் ஒன்றில் இருந்ததால், உடையாலும் தோற்றத்தாலும் ஊரார் தன்னையும் ஒரு பிராமணராகவே எடுத்துக்கொண்டார்கள், ஆதிதிராவிடர் குடியிருப்போடு தனக்கு அதே நெருக்கம் வாய்க்கவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நேர்மைக்கு அடுத்த படி ஒன்று உண்டல்லவா? அக்ரஹாரத்திலிருந்து பார்த்தால் ஊர் இப்படித் தெரிகிறது என்றால், சேரியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? அந்த வீட்டிலேயே கொல்லைப்புறத்திலிருந்து பார்த்தால்? முன்னுரையில் ஒரு பத்தியாக இருக்கும் அந்த ஒப்புதல், பிறகு வரும் அத்தனை பக்கங்களையும் எப்படி மாற்றும் என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் ஆராய்ச்சி நெறிமுறை. தேர்வில் நாம் கேட்பதோ ‘கள ஆய்வின் வகைகளை விளக்குக.’

கேத்லீன் காஃப் என்ற பெண்ணை என் மாணவிகளுக்குப் பிடிக்கும். 1951இல் இருபத்தாறு வயதில் தஞ்சாவூருக்கு வந்தவர். கும்பபேட்டை, கிரிப்பூர் என்று அவர் பெயரிட்ட இரண்டு கிராமங்களில் 1953 வரை ஆய்வு செய்தார். முதலில் அவர் எழுதியதில் சாதியும் சடங்கும் உறவுமுறையும் நிறைந்திருந்தன. 1976இல் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தார். 1981இல் வந்த பெரிய நூலில், அதே ஐம்பதுகளின் ஊரைக் கூலி, நிலம், வர்க்கம் என்று மறுபடி வாசித்தார். குறிப்பேடுகள் அவைதாம், கேள்விகள் மாறிவிட்டன. ‘தரவு பேசும்’ என்று நாம் வகுப்பில் சொல்லும் சொல் எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தரவு தானாகப் பேசாது. யார் கேட்கிறாளோ, என்ன கேட்கிறாளோ, அதற்குத்தான் வாய் திறக்கும்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரைக்கு மரியாதை இல்லை.

என் முனைவர் பட்டத்துக்கு நடவுப் பாடல்களையும் ஒப்பாரிகளையும் சேகரித்தேன். எங்கள் தாத்தா வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நடவுக்கு வரும் பெண்கள் எனக்குச் சிறுவயது முதல் தெரிந்தவர்கள். அதைப் பெரிய வசதி என்று நினைத்தேன். நெறியாளரும் அப்படித்தான் சொன்னார்: “உனக்கென்னம்மா, களம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.” வாசலில் பாய் விரித்து, காப்பி போட்டுக் கொடுத்து, டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்துப் பாடச் சொன்னேன். பாடினார்கள். மழை வேண்டிய பாடல், அண்ணன் சீர் கொண்டு வரும் பாடல், நாற்றுக்கட்டு எறிபவனைக் கேலி செய்யும் பாடல். நிறையப் பாடல்கள்; அழகாக வகைப்படுத்தினேன். ‘நடவுப் பாடல்களில் உழைப்பின் மகிழ்ச்சி’ என்று ஓர் இயல் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அந்த இயலைப் புகழ்ந்தார்கள்.

பட்டம் வாங்கிப் பல வருடங்கள் கழித்து, ஒரு சாவு வீட்டில் அந்தப் பெண்களில் ஒருவரைப் பார்த்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். என்னை “பாப்பா” என்றுதான் கூப்பிடுவார். நானோ அவரை அந்த வயதிலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். பேச்சுவாக்கில் சொன்னார்: “கூலி அளக்கையில மரக்காலத் தட்டி அளக்குறதப் பத்தி ஒரு பாட்டு உண்டு பாப்பா. உங்க தாத்தா பேரே வரும். அத உங்க வாசல்ல உக்காந்துகிட்டு எப்புடிப் பாடுவேன்? உன் காப்பியக் குடிச்சுட்டு?”

என் ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. யாராவது மேற்கோள் காட்டியிருப்பார்கள். அதில் உள்ள பாடல்கள் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் ஆய்வு பொய். நான் சேகரித்தது நடவுப் பாடல்களை அல்ல, மிராசு வீட்டு வாசலில் பாடத்தக்க நடவுப் பாடல்களை. அந்த வாசலை நான் ‘களம்’ என்று எழுதினேன். நான் உட்கார்ந்திருந்த இடம் ஆய்வேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சொல்லவே முடியாததைப் பாட்டில் ஒளித்து வைப்பவர்களிடம், சொன்னால் யார் நம்பினார்கள் என்றும் கேட்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அத்தனை வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு அமைந்தது. அதே நாட்களில் மைதிலி சிவராமன் என்ற பெண் அந்த ஊருக்குப் போய், தப்பிப் பிழைத்தவர்களிடம் பேசி, கூலி உயர்வுக் கோரிக்கை முதல் தீ வரையிலான காரணத் தொடரை எழுதினார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வேடு சமர்ப்பிக்கவில்லை. யார் சொன்னால் சான்று, யார் சொன்னால் புலம்பல் என்ற பிரிவினை நீதிமன்றத்தோடு முடிவதில்லை. நம் ஆய்வேடுகளில் பண்ணையாரின் கூற்று ‘தகவல்’ என்றும் கூலிப் பெண்ணின் கூற்று ‘கருத்து’ என்றும் இடம்பெறுவதை நான் திருத்தித் திருத்திக் களைத்திருக்கிறேன்.

எண்கள்மீது எனக்குப் பகை இல்லை. எண்ணுவதற்கு முன் எதை எண்ணுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் சண்டை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ‘சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையையும் சேர்த்து’ என்ற விளக்கம் கேள்வியிலேயே இடம்பெற்றது. அதற்கு முன் “வேலை செய்கிறீர்களா?” என்றால், “இல்லீங்க, வீட்டுலதான் இருக்கேன்” என்று மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டே சொன்ன பெண்கள் எத்தனை லட்சம்!

எங்கள் ஊர் கணக்கையே பாருங்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. அதனால் தென்னையை நம்பினோம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அந்தத் தென்னையைச் சாய்த்தது. அரசு நிவாரணம் மரக்கணக்கில் வந்தது: மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். மரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அந்த மரத்து மட்டையை வாங்கிக் கீற்று முடைந்து பிழைத்தவள், தேங்காய்க் களத்தில் சில்லு காயப்போட்டவள், தென்னம்பாளையை விறகுக்குப் பொறுக்கியவள் எந்தப் பட்டியலில் வருவாள்? அவளுக்கு விழுந்தது எத்தனை மரம்?

அந்த மாதங்களில் எத்தனையோ குழுக்கள் வெளியூர்களிலிருந்து வந்தன. எங்கள் மாணவிகளைப் படிவத்துக்கு இவ்வளவு என்று பேசி அமர்த்தின. வெயிலில் வீடு வீடாக அலைந்து நிரப்பிக் கொடுத்தார்கள். அறிக்கை எங்கோ ஆங்கிலத்தில் வந்திருக்கும். ஒரு படி எங்கள் நூலகத்துக்கு வரவில்லை. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பேசுபவர்கள் ஒரு சாதி, தகவல் திரட்டுபவர்கள் இன்னொரு சாதி என்று பிரிந்து கிடப்பதை கோபால் குரு 2002இல் கடுமையாக எழுதினார். பேராவூரணிப் பெண்கள் படிவம் நிரப்பலாம். அந்தப் படிவத்தில் என்ன கேள்வி இருக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

பெண்ணிய அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. ஊராட்சி அலுவலகத்தில் மகளிர் குழுவைக் கூட்டி, குழுத் தலைவியை நடுவில் உட்கார வைத்து, குடும்ப வன்முறை பற்றி ‘குழு உரையாடல்’ நடத்துகிறார்கள். தலைவியின் கொழுந்தன் வாசலில் நிற்பான். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனால் எல்லாப் பெண்களையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பணித்தளப் பொறுப்பாளர் வருகைப் பதிவேட்டோடு பக்கத்தில் நிற்கும்போது அவர்கள் என்ன சொல்வார்கள்? “எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க.” அதை எழுதிக்கொண்டு வருகிறோம்.

அப்படியானால் எப்படிச் செய்வது என்று கேட்கும் மாணவிகளுக்கு, என் தோல்வியிலிருந்து கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

கேள்வியோடு போகாதீர்கள், குழப்பத்தோடு போங்கள். ‘கீற்று முடையும் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்பது ஆய்வுக் கேள்வியே அல்ல, அலுவலகக் கோப்பின் தலைப்பு. ‘கடனுக்குக் கையெழுத்துப் போடுபவள் ஏன் அந்தக் கடனை என்ன செய்வதென்று சொல்ல முடிவதில்லை?’ என்பது கேள்வி. இதை எனக்குத் தந்தவர் அந்தப் பதினேழாவது கேள்விக்குப் பதில் சொன்ன அம்மாதான். களத்துக்குப் போனபின் கேள்வி மாறினால் பயப்பட வேண்டாம். மாறவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும்.

எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பது முக்கியம். ஒரே தெருவில் நூறு பேரைப் பார்ப்பதைவிட, சொந்தத் தோப்பு உள்ளவள், குத்தகைக்கு எடுத்தவள், கூலிக்கு முடைபவள், கணவன் சிங்கப்பூரில் இருப்பவள், கணவனே இல்லாதவள், வெவ்வேறு சாதித் தெருக்களில் இருப்பவள் என்று பன்னிரண்டு பேரிடம் மூன்று மூன்று முறை போவது வலுவான ஆய்வு. முதல்முறை சொல்வது ஊருக்கான பதில். மூன்றாவது முறை போகும்போது “அன்னைக்கு ஒண்ணு சொன்னேன்ல…” என்று அவர்களே தொடங்குவார்கள். அந்த ‘ல’வுக்காகக் காத்திருக்க வேண்டும். வீரம்மா என்ற விவசாயக் கூலிப் பெண்ணின் வாழ்க்கையைப் புதுச்சேரிப் பக்கத்தில் ஜோசியான் ரசீன் கேட்டுப் பதிவுசெய்ய ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. பாட்டுக் கேட்கப் போனவரிடம் வீரம்மா தன் வாழ்க்கையைச் சொன்னார். பத்தாண்டு நமக்கு யாரும் தரமாட்டார்கள் என்பது தெரியும். பத்து நாளாவது கேட்டு வாங்குங்கள்.

அவர்கள் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லுங்கள். தன் பேச்சைக் கொடுக்காமல் பிறர் பேச்சை வாங்குவதுதான் முறையான நேர்காணல் என்று எழுதிவைத்த பாடநூல்களை 1981இலேயே ஆன் ஓக்லி கிழித்துப் போட்டார். கர்ப்பிணிகளை நேர்காணப் போன அவரிடம் அந்தப் பெண்கள் பிரசவத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆய்வாளர் பதில் சொல்லக்கூடாது என்பது மனிதத்தன்மை அற்றது என்று கண்டார். நம் ஊரில் முதல் கேள்வி என்ன வருமென்று உங்களுக்கே தெரியும்: “நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?” அது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், அதே கேள்வியை உங்கள் வினாநிரலின் மூன்றாவது வரியில் நீங்கள் கேட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டதைச் ‘செந்தமிழில்’ திருத்தாதீர்கள். என் துறையின் பெரும் பாவம் இது. ‘அவரு அடிச்சாரு, நான் வாங்கிக்கிட்டேன்’ என்று ஒருத்தி சொன்னதை ‘கணவரால் துன்புறுத்தப்பட்டதாகத் தகவலாளர் தெரிவித்தார்’ என்று எழுதிய ஆய்வேட்டை நான் மதிப்பிட்டிருக்கிறேன். ‘வாங்கிக்கிட்டேன்’ என்ற சொல்லுக்குள் ஒரு வாழ்நாள் கணக்கு இருக்கிறது. அதை அழித்துவிட்டால் ஆராய என்ன மிச்சம்?

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். ‘மூன்று பெண் பிள்ளைகள், கணவர் மலேசியாவில், கடைத்தெருவில் தையல் கடை’ என்று எழுதினால் எங்கள் ஊரில் பேருந்து நடத்துனர்கூட ஆளைச் சொல்லிவிடுவார். ஒப்புதல் படிவத்தில் வாங்கும் கையெழுத்து நம்மைக் காப்பாற்றும், அவளைக் காப்பாற்றாது. எழுதியதை அவளிடம் படித்துக் காட்டுங்கள். ‘இது வேணாம்’ என்றால் எவ்வளவு நல்ல வரியானாலும் எடுத்துவிடுங்கள். அந்த மரக்கால் பாட்டை நான் பிறகு கேட்டேன். “மெசின அணச்சுட்டுக் கேளு” என்றார். அணைத்துவிட்டுக் கேட்டேன். அது இந்தக் கட்டுரையில் இல்லை. இப்போது அவரை நான் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘அக்கா’ என்றதும் முதலில் சிரித்தார், பிறகு கொஞ்ச நாள் சங்கடப்பட்டார்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், பேருந்துக் காசு வேண்டும், வீட்டில் அனுமதி வேண்டும். சிறுநகரப் பெண்களுக்கு அந்த நேரத்தைக் கொஞ்சமாவது கொடுத்தது எம்.ஃபில். ‘ஒரு வருடம்தானே’ என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக் களத்துக்குப் போன பெண்களை நான் அறிவேன். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் புதிய விதிமுறைகளில் அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டது. எம்.ஃபில் ஆய்வேடுகளின் தரம் பற்றிச் சொல்லப்பட்ட குறைகளில் பல உண்மைதான். நானே இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். குறை இருந்தால் சரிசெய்ய வேண்டும், படிக்கட்டை இடித்துவிட்டு மாடிக்கு வா என்று சொல்லக் கூடாது. இப்போது எங்கள் மாணவிகளுக்குக் கிடைப்பது முதுகலையின் கடைசிப் பருவத்தில் சில வாரங்கள். அதிலும், “பொட்டப்புள்ள வீடு வீடா ஏறி இறங்கிக் கதை கேட்டுக்கிட்டிருக்கா” என்று அண்ணன்மார் கல்லூரிக்கு வந்து நிற்கிறார்கள்.

இந்த ஆண்டு மூன்று பேர் என்னிடம் ஆய்வேடு செய்கிறார்கள். ஒருத்தி அந்தக் கீற்று முடையும் அம்மாவிடமே திரும்பப் போயிருக்கிறாள். வினாநிரல் இல்லை, முடையக் கற்றுக்கொள்கிறாள், விரல் கிழிந்து பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிறாள். இன்னொருத்தி மல்லிப்பட்டினத்தில் கருவாடு விற்கும் பெண்களோடு காலைப் பேருந்தில் போகிறாள். மூன்றாமவளை வெளியே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தலைப்பை மாற்றி நூலகத்திலேயே செய்துவிடு என்று துறையில் சொன்னார்கள். அவள் தன் அம்மாவிடம் தொடங்கியிருக்கிறாள். அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “ஒனக்குக் கல்யாணம் ஆனப்போ என்ன நெனச்ச?” என்று கேட்டிருக்கிறாள். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லையாம். பிறகு, “ஒனக்குத் தெரியாததா?” என்றாராம்.

“ஒண்ணும் கெடைக்கல மிஸ்” என்று வந்து நின்றாள். எத்தனை நேரம் பேசாமல் இருந்தார், அப்போது கை என்ன செய்துகொண்டிருந்தது, அப்பா வீட்டில் இருந்தாரா என்று கேட்டேன். குறிப்பேட்டை எடுத்து என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.